கேட்டலும் எண்ணலும்: நலவாழ்வுத் திட்டங்களில் கலப்பு முறை ஆய்வின் அறவியல்

முன்னுரை

நோய் உடலில் தோன்றுகின்றது. ஆயின் அந்நோயைப் பற்றிய அச்சம், நாணம், மருந்தை ஏற்கும் மனநிலை, மறுக்கும் மனநிலை ஆகியன மக்கள் கூடிவாழும் வாழ்க்கையில் தோன்றுகின்றன. எனவே ஒரு வட்டாரத்தில் நலவாழ்வுத் திட்டம் வகுப்போர் நோயை அறிவதோடு மக்களையும் அறிதல் வேண்டும் என்னும் கருத்து, கடந்த நாற்பது ஆண்டுகளில் பொது நலவாழ்வுத் துறையில் வலுப்பெற்றுள்ளது. கணக்கெடுப்பு, புள்ளியியல் ஒப்பீடு முதலிய அளவுசார் முறைகளும், நேர்காணல், குழு உரையாடல், களத்தில் உடனிருந்து நோக்கல் முதலிய பண்புசார் முறைகளும் ஓர் ஆய்வில் இணைக்கப்படுகின்றன. இவ்விணைப்பைக் கலப்பு முறை ஆய்வு என்பர்.

இவ்விணைப்பு பெரும்பாலும் ஆய்வு நுட்பம் பற்றிய செய்தியாகவே பேசப்பட்டு வருகின்றது. எம்முறையை முதலில் கையாள்வது, இருமுறைத் தரவுகளும் முரண்பட்டால் எதனை ஏற்பது என்பன போன்ற வினாக்களே முன்வைக்கப்படுகின்றன. அவற்றிற்கு அடிப்படையாக அறவியல் வினா ஒன்று உள்ளது. ஒரு மக்கட்குழுவின் நம்பிக்கைகளை ஆய்வாளர் கேட்டறிவது அம்மக்களை மதிப்பதனாலா, அன்றித் தாம் முன்பே வகுத்த திட்டத்தை அவர்கள் ஏற்கச் செய்வதற்கா? இரு நோக்கங்களுக்கும் நேர்காணல் ஒன்றுபோலவே நடைபெறும். வினாநிரலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் அறத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. இந்திய நலவாழ்வு ஆய்வுகள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கலைச்சொற்களிலிருந்து தொடங்குவது தமிழ் ஆய்வாளர்க்கு இயல்பானது. நலவாழ்வுத் துறையினர் ஒரு மக்கட்குழுவின் நலத்தை மேம்படுத்தும் பொருட்டு மேற்கொள்ளும் செயலைத் தமிழில் இடையீடு எனவும் தலையீடு எனவும் எழுதுகின்றனர். ஆங்கில மருத்துவ வழக்கில் இதற்குரிய சொல் வெறும் துறைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. தமிழில் தலையீடு என்றவுடனே, பிறர் செயலில் உரிமையின்றிப் புகுதல் என்னும் குறிப்பு எழுகின்றது. மொழிபெயர்ப்பின் குறைபாடு என இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் நன்மை கருதிச் செய்யப்படினும் அது பிறர் வாழ்க்கைக்குள் புகுதலே என்பதைத் தமிழ்ச்சொல் மறவாமல் நினைவூட்டுகின்றது.

பண்புசார் ஆய்வு என்னும் தொடரும் கருதத்தக்கது. தன்மை, குணம் என்னும் பொருளில் இத்தொடர் ஆக்கப்பட்டது. எனினும் பண்பு என்னும் சொல்லுக்கு அறப்பொருளும் உண்டு. உலகத்தார் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதலைப் பண்பு என நெய்தற்கலிப் பாடலொன்று வரையறுக்கின்றது. இங்கு அறிதலும் ஒழுகுதலும் ஒன்றாக இணைந்து நிற்கின்றன. பிறர் இயல்பை அறிந்து, அவ்வறிவைக் கொண்டு அவர்களை வயப்படுத்துபவனைப் பண்புடையவன் என அந்த வரையறை ஏற்காது. அறிந்தவனின் ஒழுக்கமே அவ்வறிவால் மாற்றமுற வேண்டும்.

அளவு என்னும் சொல்லும் இவ்வாறே விரிந்த பொருளுடையது. மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதிச் செயற்பட வேண்டும் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகின்றது. நோயாளியின் அளவு என்பதில் அவனது இயல்பு, பருவம், வேதனை, வலிமை ஆகியவற்றைப் பரிமேலழகர் அடக்குவார். நோயாளி உணரும் வேதனையும் அளந்தறிய வேண்டியவற்றுள் ஒன்றாகின்றது. மேலும் நோயின் அளவுக்கு முன்னதாக நோயாளியின் அளவு வைக்கப்பட்டுள்ளது. கேட்டறிவதையும் எண்ணியறிவதையும் எதிரெதிர்த் துறைகளாகப் பிரித்தது இக்கால ஆய்வு மரபே என்பது இதனால் விளங்கும்.

எண் காட்டும் உண்மை

எண்கள் மனிதரை வெறும் பொருளாக்கிவிடுகின்றன என்னும் குற்றச்சாட்டு மானிடவியல் துறையில் அடிக்கடி எழுப்பப்படுவது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் எவரும் வாய்திறந்து சொல்லாத துன்பத்தை வெளிக்கொணரும் ஆற்றல் எண்ணுக்கு உண்டு.

மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர் 1986 முதல் பணியாற்றி வருகின்றனர். அங்குள்ள இரு சிற்றூர்களில் 650 பெண்களிடம் அவர்கள் மேற்கொண்ட ஆய்வு 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மகப்பேற்று உறுப்புகள் சார்ந்த நோய்க்குறைகள் தமக்கு உண்டெனக் கூறிய பெண்கள் 55 விழுக்காட்டினர். மருத்துவ ஆய்வில் அத்தகைய நோய் ஒன்றேனும் இருப்பதாகக் கண்டறியப்பட்டோர் 92 விழுக்காட்டினர். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.6 நோய்கள் இருந்தன. முன்னர் எப்போதேனும் இத்தகைய நோய்க்கு மருத்துவ ஆய்வும் மருத்துவமும் பெற்றிருந்தோர் 8 விழுக்காட்டினரே. நேர்காணலோடு நின்றிருந்தால் 55 என்னும் எண்ணோடு ஆய்வு முடிந்திருக்கும். 55க்கும் 92க்கும் இடையிலான வேறுபாடு வெறும் அளவை வேறுபாடன்று. நோயை நோயென உணரவும் உணர்ந்ததைச் சொல்லவும் இடமில்லாத வாழ்க்கையின் அளவு அது.

1989ஆம் ஆண்டு வரை வளரும் நாடுகளின் பெண்கள் நலத்திட்டங்கள் மகப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு ஆகிய இரண்டையே பெரிதும் மையமாகக் கொண்டிருந்தன. பெண்ணின் உடல் நோயுறுவது தனியே எண்ணத்தக்க செய்தியாகக் கருதப்படவில்லை. எதனை எண்ணுவது என்று முடிவுசெய்வதிலேயே அறத்தேர்வு ஒன்று அடங்கியிருப்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

மற்றொரு சான்று நாடு தழுவியது. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு வயதிற்கும் ஐந்து வயதிற்கும் இடையில் இறக்கும் குழந்தைகளின் வீதம் ஆண் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 14. பெண் குழந்தைகளில் 23. பிறந்த முதல் மாதத்தில் பெண் குழந்தைக்கு இயற்கையே சற்று உறுதி அளித்திருக்கின்றது. அவ்வுறுதி பின்னர் ஏன் தலைகீழாகின்றது என்பதற்கு உணவிலும் மருத்துவத்திலும் காட்டப்படும் வேறுபாடே விடையாக அமைகின்றது. தன் மகளுக்குக் குறைவாக உணவளித்ததாகவோ, மகளின் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லத் தாமதித்ததாகவோ எந்தப் பெற்றோரும் நேர்காணலில் கூறுவது அரிது. அவர்கள் பொய் சொல்கின்றனர் என்பது இதன் பொருளன்று. வழக்கமாகிவிட்ட வேறுபாடு வேறுபாடாகவே கண்ணில் படுவதில்லை. எண் அதனைக் காட்டுகின்றது.

கேட்டல் காட்டும் உண்மை

எண் காட்டும் உண்மைக்கு எல்லை உண்டு. இறப்பு நிகழும் இடத்தையும் இறப்போரின் தொகையையும் அது சொல்லும். மக்கள் ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைச் சொல்லாது. இவ்விடைவெளியை ஆய்வாளர்கள் தம் ஊகத்தால் நிரப்பும்போது மக்களின் அறியாமை, மூடநம்பிக்கை, சோம்பல் முதலிய சொற்கள் எளிதில் வந்துவிடுகின்றன.

கட்சிரோலிப் பழங்குடியினர் மருத்துவமனைக்கு வரத் தயங்கியமைக்கான காரணத்தை அவர்களிடமே வினவியதை அபய் பங் தம் உரைகளில் எடுத்துக்காட்டியுள்ளார். மருத்துவரும் செவிலியரும் உடுத்தும் வெள்ளாடை, இறந்தவரைப் போர்த்தும் துணியின் நிறம் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. உறவினர் உடன்தங்க இயலாமை மற்றொன்று. பெரிய கட்டடத்தில் வழிதெரியாமல் திகைப்பதும், தம் தெய்வம் அங்கில்லாமையும் பிற காரணங்கள். இவற்றைக் கேட்டபின் மருத்துவமனை குடிசைகள் நிறைந்த சிற்றூர் போன்றே அமைக்கப்பட்டது. உறவினர் உடன்தங்க இடம் தரப்பட்டது. அவர்கள் வழிபடும் தந்தேசுவரி அன்னையின் பெயரே மருத்துவமனைக்கும் சூட்டப்பட்டது.

அவர்கள் கூறிய காரணங்களுள் எதுவும் அறிவுக்குப் பொருந்தாதது என்று தள்ளத்தக்கதன்று. நோயுற்றவன் தனித்து விடப்படுதலால் அஞ்சுவது எல்லா மக்களுக்கும் பொது. நகரத்தார் அவ்வச்சத்தைப் பழக்கத்தால் அடக்கிக்கொள்கின்றனர். பழங்குடியினர் அதனை வெளிப்படையாகச் சொல்லினர். மூடநம்பிக்கை எனத் தோன்றுவதன் உள்ளே பொதுவான மனித நியாயம் இருப்பதைக் கேட்டல் வெளிப்படுத்துகின்றது. பண்புசார் முறையின் முதன்மையான அறப்பயன் இதுவே.

கேட்டலின் மூன்று நிலைகள்

கேட்டல் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. ஆய்வுகளில் காணப்படும் கேட்டலை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம்.

முதல் நிலை, திட்டத்தை மாற்றாமல் அதனைச் சொல்லும் முறையை மட்டும் மாற்றுவதற்காகக் கேட்பது. எச்சொல்லைப் பயன்படுத்தினால் மக்கள் ஏற்பர், எவர் சொன்னால் நம்புவர், எப்படத்தை அச்சிட்டால் முகஞ்சுளிக்க மாட்டார் என்பன அறியப்படும். பூட்டுக்கேற்ற சாவியைத் தேடும் முயற்சி இது.

இரண்டாம் நிலையில் கேட்டது திட்டத்தையே மாற்றுகின்றது. கட்சிரோலி மருத்துவமனை இதற்கொரு சான்று. போலியோ ஒழிப்பில் நிகழ்ந்த மாற்றம் மற்றொன்று. 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,600 பேர் போலியோவால் தாக்கப்பட்டனர். அவர்களுள் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்தினர். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியில் சொட்டு மருந்தைப் பல குடும்பங்கள் மறுத்தன. அம்மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்னும் வதந்தி பரவியிருந்தது. தொடக்கத்தில் அவ்வதந்தியை மறுக்கும் பரப்புரையே மேற்கொள்ளப்பட்டது. சமயத் தலைவர்களின் ஆதரவும் நாடப்பட்டது. இவை பயன் தந்தன. ஆயின் வீட்டு வாசலில் மக்கள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. கழிவுநீர் தெருவில் தேங்குகின்றது, குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிகின்றனர், அதற்கெல்லாம் வராதவர்கள் இச்சொட்டு மருந்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் ஏன் வருகின்றனர் என்பதே அக்கேள்வி. இதில் வதந்தி ஏதுமில்லை. நேரிய முறையீடே உள்ளது. 2009இல் உத்தரப்பிரதேசத்தின் 66 வட்டாரங்களையும் பீகாரின் 41 வட்டாரங்களையும் தேர்ந்து, சொட்டு மருந்தோடு தூய்மை, கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்கு மருத்துவம் ஆகியவற்றையும் இணைத்துத் திட்டம் விரிவாக்கப்பட்டது. இந்தியாவின் இறுதிப் போலியோத் தாக்குதல் 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவாயிற்று. இவ்வெற்றிக்குக் காரணங்கள் பல. புதிய மருந்து வகைகளும் களப்பணியாளரின் அயரா உழைப்பும் அவற்றுள் அடங்கும். ஆயினும் மக்களின் மறுப்பைத் தடையாக மட்டும் காணாமல் முறையீடாகக் கேட்டதன் பங்கும் அதில் உண்டு.

மூன்றாம் நிலையில் வினவும் உரிமையே மக்கள் கைக்கு மாறுகின்றது. ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் ஏக்ஜுட் என்னும் அமைப்பு நடத்திய பெண்கள் குழுக்கள் இதற்குச் சான்றாகும். கதைகள், படங்கள், விளையாட்டுகள் வாயிலாகத் தாய்சேய் நலச் சிக்கல்களைப் பெண்களே இனங்கண்டனர். எதனை முதலில் தீர்ப்பது, எவ்வாறு தீர்ப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். 2010இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வு முடிவின்படி, பிறந்த முதல் மாதத்துக் குழந்தை இறப்பு மூன்று ஆண்டுகளில் 32 விழுக்காடும், இறுதி ஈராண்டுகளை மட்டும் கருதினால் 45 விழுக்காடும் குறைந்தது. இங்குக் கேட்டலின் பயனை எண்ணே உறுதி செய்தது.

கருவியாகும் கேட்டல்

முதல் நிலைக் கேட்டல் எப்போதும் குற்றமுடையது எனல் பொருந்தாது. மக்கள் அறியும் சொல்லால் பேசுதல் அடிப்படை மரியாதையே. ஆயின் அந்நிலையோடு நின்றுவிடும் கேட்டல் எத்துணைத் தொலைவு தவறிச் செல்லக்கூடும் என்பதற்கு 2009இல் நிகழ்ந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் சான்றாகின்றது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயது வரையிலான சிறுமியர்க்கு இத்தடுப்பூசி இடப்பட்டது. அதற்கு முன்னர் அப்பகுதிகளில் நேர்காணல், குழு உரையாடல் வாயிலாக விரிவான முன்னாய்வு நடைபெற்றிருந்தது. பெற்றோர் எதனை அறிய விரும்புகின்றனர், எவரை நம்புகின்றனர் என்பன தொகுக்கப்பட்டிருந்தன.

எனினும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியர் பலருக்காக ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் ஆவர். ஏழு சிறுமியரின் இறப்பைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பால் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக்குழு கருதியது. தடுப்பூசியின் பயனும் ஐயத்துக்குரியதன்று. குறை ஒப்புதலில் இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது.

பண்பாட்டை அறியாமையால் இத்தவறு நேர்ந்தது எனக் கூற இயலாது. அறிவதற்கான முயற்சி மேற்கொள்ளப்பட்டிருந்தது. அறியப்பட்ட மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்தப்படவில்லை என்பதே உண்மை. தொலைவிலுள்ள பழங்குடிப் பெற்றோரைத் தேடிச் சென்று விளக்கி ஒப்புதல் பெறுவது காலமும் பொருளும் வேண்டும் பணி. அது தவிர்க்கப்பட்டது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என 1785இல் இம்மானுவேல் காண்ட் வகுத்த நெறி இங்கு நேரடியாகப் பொருந்துகின்றது. ஒருவருடைய உடலைக் கருவியாக்குவது போலவே, அவருடைய நம்பிக்கையைக் கருவியாக்குவதும் அந்நெறிக்கு மாறானதே.

எவருடைய பண்பாடு?

பண்பாட்டை மதித்தல் என்னும்போது எவருடைய பண்பாடு என்னும் வினா உடனெழுகின்றது. குழு உரையாடலில் மாமியார் பேசுவார், மருமகள் தலைகுனிந்திருப்பார். ஊர்த்தலைவர் பேசுவதே ஊரின் கருத்தாகப் பதிவாகும். பட்ரீசியா ஜெஃப்ரியும் உடனாய்வாளர்களும் உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட நூல், பிள்ளைப்பேற்றுக்கு உதவும் பெண்களின் பணி தீட்டுக்குரிய இழிதொழிலாகக் கருதப்பட்டதை விரிவாக விளக்குகின்றது. கொப்பூழ்க்கொடி அறுத்தலே மிகுந்த தீட்டுடையதாக எண்ணப்பட்டது. இதனையும் பண்பாடு என்றே சொல்ல நேரும். இதனை மதித்தல் சாதியத்தை மதித்தலாகும்.

இவ்விடத்தில் கேட்டல் மட்டும் போதாமை தெளிவாகின்றது. வழக்கத்தின் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் அவ்வழக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை பெறாதவர்கள். பச்சிளங்குழந்தைக்குப் பேச்சே இல்லை. முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கத்தைப் பற்றிப் பாட்டியின் விளக்கம் ஆய்வேட்டில் இடம்பெறும். அப்பாலை இழந்த குழந்தையின் தரப்பு எண்ணாக மட்டுமே இடம்பெற இயலும். எனவே எண், பேசாதவரின் சான்றுரையாகின்றது. பண்பாட்டின்மீது கொண்ட மதிப்பால் எண்ணைப் புறக்கணிக்கும் ஆய்வு, வலியோரின் குரலையே ஊரின் குரலாக ஏற்றுக்கொள்ளும் பிழையில் வீழும்.

அதே வேளையில், தீய வழக்கம் என்று கண்டபின் அதனை இழித்துரைத்தலும் வழியன்று. உத்தரப்பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்துச் சிவ்கர் பகுதியில் நடந்த ஆய்வு இடைவழியொன்றைக் காட்டியது. குழந்தை பிறந்தவுடன் குளிப்பாட்டுதல், வெறுந்தரையில் கிடத்துதல் முதலிய வழக்கங்கள் உடல் குளிர்ந்து இறத்தலுக்குக் காரணமாயின. ஆய்வாளர்கள் அவ்வழக்கங்களின் உட்கருத்தை முதலில் அறிந்தனர். குழந்தையின் தூய்மையும் தீங்கிலிருந்து காப்பும் குறித்த அக்கறையே அவற்றின் வேராக இருந்தது. அவ்வக்கறையை மறுக்காமல், தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வெம்மை காக்கும் முறை அறிமுகம் செய்யப்பட்டது. முதல் மாதத்துக் குழந்தை இறப்பு, ஒப்பீட்டுப் பகுதிகளைவிட 54 விழுக்காடு குறைந்ததாக 2008இல் முடிவு வெளிவந்தது. வழக்கம் மாறியது, அவ்வழக்கத்தை உண்டாக்கிய அன்பு மதிக்கப்பட்டது.

இரு தடைகள்

இதுகாறும் கூறியவற்றுக்கு எதிராக இரு தடைகள் எழுதல் கூடும்.

உயிர் காக்கப்படுமாயின், கேட்டவரின் உள்நோக்கம் எதுவாயின் என்ன என்பது முதல் தடை. இறக்கும் நிலையிலுள்ள குழந்தையின் முன் அறவியல் நுணுக்கம் பேசுவது வீண் என இதனைக் கூறுவோர் வாதிடுவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. குழந்தையின் உயிர், ஆய்வாளரின் மனத்தூய்மையினும் மேலானதே. ஆயின் விளைவை மட்டுமே கருதினாலும் இவ்வாதம் நிற்பதில்லை. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் சொட்டு மருந்தைப் பற்றி எழுந்த மலட்டுத்தன்மை வதந்தி வெற்றிடத்தில் தோன்றவில்லை. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடிநிலைக் காலத்தில் அப்பகுதிகளில் கட்டாயக் கருத்தடை நிகழ்ந்தது. அரசு மருத்துவம் உடலைத் தன் இலக்குக்காகப் பயன்படுத்தும் என்பதை மக்கள் அன்று கற்றுக்கொண்டனர். அன்றைய வற்புறுத்தலின் விலையைக் கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்த குழந்தைகள் தம் கால்களால் செலுத்தினர். நம்பிக்கை என்பது தலைமுறைகள் தாண்டிச் செல்லும் பொதுச்சொத்து. அதனைச் செலவழித்துப் பெறும் வெற்றி கடனாகவே எஞ்சும்.

எண்ணுவதற்கு ஒப்பீடு வேண்டும். ஒப்பீட்டுக்கு உதவி பெறாத ஊர்கள் வேண்டும். இது அறமாகுமா என்பது இரண்டாம் தடை. கட்சிரோலியில் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பேணும் முறை 39 சிற்றூர்களில் சோதிக்கப்பட்டது. 47 சிற்றூர்கள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டன. முதல் மாதத்துக் குழந்தை இறப்பு முன்னவற்றில் ஆயிரத்துக்கு 62இலிருந்து 1997-98இல் 25.5 ஆகக் குறைந்தது. பின்னவற்றில் அது 58இலிருந்து 59.6 ஆக, பெரும்பாலும் மாறாமலே இருந்தது. மாறாத அவ்வெண்ணுக்குப் பின்னால் இறந்த குழந்தைகள் உள்ளனர் என்பதை மறத்தல் கூடாது.

இதற்கு விடை ஆய்வாளரின் அறியாமை உண்மையானதா என்பதைப் பொறுத்தது. ஓரளவே பள்ளிக்கல்வி பெற்ற சிற்றூர்ப் பெண், பச்சிளங்குழந்தைக்கு ஊசிமருந்து செலுத்துவது அன்று ஐயத்தோடு நோக்கப்பட்டது. அதனால் தீங்கே விளையும் எனப் பலர் அஞ்சினர். நன்மையா தீமையா என எவரும் அறியாத நிலையில் ஒப்பிட்டுப் பார்ப்பது ஏற்கத்தக்கது. நன்மையென அறிந்தபின் தாழ்த்துவதே அறப்பிழையாகும். இம்முடிவுகள் 1999இல் வெளிவந்தன. பிற மாநிலங்களில் சோதித்துப் பார்த்தபின், ஆஷா பணியாளர் வாயிலாக நாடு தழுவிய திட்டமாக இது அறிவிக்கப்பட்டது 2011இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எண்ணியவர்கள் அல்லர். எண்ணைக் கண்டும் விரையாதவர்கள்.

தமிழியல் ஆய்வுக்கு ஒரு குறிப்பு

மேற்கண்ட வினா மருத்துவத் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த்துறைகளில் நாட்டுப்புற மருத்துவம், நம்பிக்கைகள், வழக்குச்சொற்கள் பற்றிய ஆய்வேடுகள் பல எழுதப்பட்டுள்ளன. மாந்தம், கணை, தோசம் முதலிய சொற்கள் சுட்டும் நோய்நிலைகளும் அவற்றிற்குரிய கைமருந்துகளும் விரிவாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு தாய் தன் குழந்தையின் நிலையை எச்சொல்லால் அறிகின்றாள் என்பது அவள் மருத்துவரை நாடும் நேரத்தையே முடிவு செய்யக்கூடும். அவ்வகையில் இத்தொகுப்புகள் நலவாழ்வுத் திட்டங்களுக்கு இன்றியமையாத பண்புசார் தரவுகளாகும்.

ஆயின் அவை பெரும்பாலும் பட்டத்துக்கான ஏடுகளாக நூலகங்களில் தங்கிவிடுகின்றன. தகவல் தந்த மூதாட்டியின் ஊருக்கு அவ்வறிவு எவ்வடிவிலும் திரும்பிச் செல்வதில்லை. அந்தக் கைமருந்தால் நலம்பெற்றோர் எத்தனை பேர், காலம் தாழ்ந்தமையால் இறந்தோர் எத்தனை பேர் என்னும் எண்ணும் அவற்றில் இடம்பெறுவதில்லை. எண்ணாமல் போற்றுவதும், கேளாமல் எண்ணுவது போன்றே, மக்களுக்கு முழுமையாகப் பயன்படாத செயலாகும்.

முடிவுரை

கலப்பு முறை ஆய்வில் கேட்டலும் எண்ணலும் ஒன்றுக்கொன்று துணையாவது நுட்பத்தின் பொருட்டு மட்டுமன்று. ஒவ்வொன்றும் மற்றதன் அறக்குறையைத் திருத்துகின்றது. கேட்டலற்ற எண்ணல் மக்களைப் பொருளாக்கும். எண்ணலற்ற கேட்டல், வழக்கத்தின் மறைவில் நிகழும் இறப்பைக் காணாது.

பண்பாட்டு மதிப்புடையதெனக் கூறப்படும் எத்திட்டத்தையும் மூன்று வினாக்களால் ஆராயலாம். கேட்டறிந்தது திட்டத்தை மாற்ற வல்லதாக இருந்ததா, அன்றி அதனைச் சொல்லும் முறையை மட்டும் மாற்றியதா? எதற்காகக் கேட்கின்றோம் என்பதை ஆய்வாளர் மக்களிடமே வெளிப்படையாகக் கூற இயலுமா? பேச வாய்ப்பற்றவரின் நிலை எண்ணிக்கையில் தனியே பதிவாகியுள்ளதா? இம்மூன்றுக்கும் உடன்பாட்டு விடை தரும் திட்டமே மக்களை மதித்தது எனலாம்.

இவ்வினாக்களைத் திட்டம் முடிந்தபின் மதிப்பீட்டாளர் எழுப்புவதினும், தொடங்குமுன் அவ்வூர் மக்களே எழுப்புதல் சிறப்பு. மறுக்கும் உரிமை உள்ளவரிடம் கேட்பதே கேட்டலாகும். அவ்வுரிமையைத் தாராமல் தொகுக்கப்படும் நம்பிக்கைகள், எத்துணை நுட்பமாகப் பகுக்கப்பட்டாலும், தரவாக நிற்குமேயன்றி மக்களின் சொல்லாக நில்லா.